பதினான்கு தடவை கை மாறிய தீவு

கல்முனைக்குடி,
ரமழான் தலை நோன்புக்கு முந்திய வெள்ளி.

அன்பு மகன் அர்ஹமுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், வீட்டில் எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன், என் மனத்தின் சுகத்தை மட்டும் கேட்காதே. போனில் வாய்ஸ் போடாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். வாய்ஸ் போட்டால் நீ குடியிருக்கும் வீட்டுக்காரி ஜோசபினின் குசினி அடுப்படியில் வைத்துத்தான் கேட்பாய், தமிழ் விளங்காவிட்டாலும் அவளும் பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். எழுத்தென்றால் அதுவும் முடியாது. என் மூத்த மகள், உன் நஸீறா ராத்தா, இதைப் படமெடுத்து அனுப்புவாள், தனியாக இருந்து வாசி. மாவடிப்பள்ளி வயலில் நெல் வேளாண்மை வெட்டு நடக்கிறது, வாப்பா மெஷினுக்குப் பின்னால் அலைந்து கறுத்துப்போய்விட்டார்.

போன கிழமை நீ அனுப்பிய நீண்ட வாய்ஸை நாலு தரம் கேட்டேன். மேற்கிந்தியத் தீவில் வேலை என்று நீ சொன்னதை வைத்து, நீ பம்பாய்ப் பக்கம் இருப்பதாக நான் ஊரெல்லாம் சொல்லி, முஸ்பிறா மாமி சாரி கொண்டுவரச் சொன்னதற்கு எப்படிச் சிரித்தாய். கொலம்பஸும் அதே பிழையைத்தான் விட்டாராம், அவருக்குச் சிலை, எனக்குச் சிரிப்பு. ஓ எல் சோதனையில் சரித்திரத்துக்கு எஸ் எடுத்து மயிரிழையில் பாஸான பிள்ளை நீ. நான் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டும்போது கொட்டாவி விட்டாய். இப்போது ஒருத்தி வாழைக்காய் அவித்துக்கொண்டே கதை சொன்னால் ஆண்டு முதற்கொண்டு மனப்பாடம். கலினாகோ என்ற பூர்வீகச் சனங்களிடமிருந்து செயின்ட் லூசியாவைப் பிரான்சுக்காரன் பறித்தான், அவனிடமிருந்து இங்கிலீசுக்காரன் பறித்தான், அப்படி மாறி மாறிப் பதினான்கு தடவை கை மாறி, 1814 இல் இங்கிலீசுக்காரனிடமே நின்றுவிட்டது, 1979 இல்தான் சுதந்திரம் கிடைத்தது என்று மூச்சு விடாமல் சொல்கிறாய். நம்மையும்தான் போர்த்துக்கீசன், ஒல்லாந்தன், இங்கிலீசுக்காரன் என்று கை மாற்றினார்கள். நாம் 48 இலேயே வாங்கிவிட்டோம், அதை அவளிடம் சொன்னாயா?

கரும்புத் தோட்டத்துக்கு ஆபிரிக்காவிலிருந்து மனிதரைக் கட்டிக் கொண்டுவந்ததும், அவர்கள் தின்னக் கப்பலில் வந்த உப்பு மீன்தான் இன்று அந்த நாட்டுச் சாப்பாடு என்பதும் கேட்டு எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். தாயை ஒரு தோட்டத்துக்கும் பிள்ளையை இன்னொரு தோட்டத்துக்கும் விற்றார்களாமே. அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின் வம்சத்தில் வந்தவள் அடுத்தவளின் பிள்ளையை எடுக்கலாமா? வாய்ஸின் கடைசியில் நீ என்ன சொன்னாய் என்று உனக்கே ஞாபகமிருக்காது. “ஜோசபின் உம்மா சுதந்திர தினத்துக்கு நிக்கச் சொல்றா, அது முடிய வாறன்” என்றாய். தலை நோன்புக்கு வருவேன் என்ற பிள்ளை, அவர்களுடைய கொடி ஏறுவதைப் பார்க்க லீவைத் தள்ளிவிட்டாய். அதைக்கூடப் பொறுப்பேன். உம்மா என்றாயே, அதைத்தான் பொறுக்கமாட்டேன். வாப்பாவிடம் சொன்னால், “அந்த மனிசி நம்மட புள்ளையப் பசியில்லாமப் பாக்கிறா, நீ ஏன்கா எரியிறாய்” என்கிறார். ஓம், எரியத்தான் செய்கிறது, பெற்ற வயிறல்லவா.

நம் ஊரில் மகனைப் பெற்றவள் கொடுக்கத்தான் பெறுகிறாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. இந்த வீடு ராத்தாவுக்கு, நீ கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவாய், வாப்பா பொத்துவிலில் இருந்து என் வீட்டுக்கு வந்த மாதிரி. அதற்கு எப்போதோ மனத்தைத் தேற்றிவிட்டேன். ஒரு பெண்டாட்டிக்குக் கொடுப்பேன், இன்னொரு உம்மாவுக்கு எப்படிக் கொடுப்பது?

நேற்று ராத்தாதான் சொன்னாள், ஜோசபினின் ஒரே மகன் லண்டனில் இருக்கிறானாம், வருசக்கணக்காக வரவில்லையாம், அவனுடைய கட்டிலில்தான் நீ படுக்கிறாயாம். இதை ஏன் என்னிடம் சொல்லாமல் ராத்தாவிடம் சொன்னாய்? கேட்டதிலிருந்து கோபமும் சரியாக வரமாட்டேன் என்கிறது. அவன் அங்கே யாரை அம்மா என்று கூப்பிடுகிறானோ. சரி, அவளைப் பெரியம்மா என்று கூப்பிடு. மாமி என்று மட்டும் கூப்பிடாதே, அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். அவள் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்கு மதராஸ் என்று பேராம், நீ பெருமையாகச் சொன்னாய். மருதமுனைத் தறியில் அதைவிட நல்லது எடுத்து வைத்திருக்கிறேன், வந்து என் கையால் வாங்கிக் கொண்டுபோய்க் கொடு.

விடியமுன் ஸஹருக்கு எழும்பிச் சாப்பிடாமல் நோன்பு பிடிக்காதே, வயிற்றில் புண் வரும். கொடி ஏறிய மறுநாளே டிக்கட் போடு, நோன்புக் கஞ்சிக்குச் சம்பா அரிசி ஊறப்போடுவது நீ வந்த பிறகுதான். அல்லாஹ் உன்னைக் கண் திருஷ்டியிலிருந்து காப்பானாக, என் கண்ணிலிருந்தும். அந்தத் தீவு எத்தனை தடவையும் கை மாறியிருக்கட்டும். என் மகன் ஒரு தடவைதான் கை மாறுவான், அதுவும் கலியாண வீட்டில், நான் பார்த்துக்கொண்டிருக்க.

இப்படிக்கு,
உன் ஒரே உம்மா,
ஹாஜறா