எரிக்க முடியாத ஜெப நோட்டு

கட்கி, புனே – 3
12.9.2025, வெள்ளிக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள மகன் பெனிஸ்டனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் இந்த நிமிஷம் வரை சுகம். நீயும் அந்த டப்ளின் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் ஃபோனில் பேசுகிற அம்மாவுக்குத் திடீரென்று என்ன கடிதம் என்று நினைப்பாய். காரணத்தோடுதான் எழுதுகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை ஃபோனுக்குக் காட்டி வாசிக்கச் சொல்லாதே. படம் பிடிக்காதே. பக்கத்திலேயே இருக்கிறாள் என்று, நீ கட்டிக்கொள்ளப் போகிற அகல்யாவிடமும் உடனே நீட்டிவிடாதே. ஞாயிறு பள்ளியில் விரலை வைத்து எழுத்துக்கூட்டி வசனம் வாசிப்பாயே, அப்படி நீயே வாசி. உனக்காகத்தான் டீச்சராக இருந்தபோது மூன்றாம் வகுப்புப் போர்டில் எழுதின மாதிரி பெரிது பெரிதாக எழுதுகிறேன், ஒரு மணி நேரம் ஆனால் ஆகட்டும். நான் செய்த ஒரு தப்பு தீபாவின் வேலையைக் கெடுத்துவிட்டது. அதே தப்பு இப்போது உன் வாசலுக்கு வருகிறதோ என்று பயமாக இருக்கிறது.

இங்கே கணபதியைக் கரைக்கிற விசர்ஜன் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. டோல் மேளச் சத்தத்தில் அப்பாவுக்கு இன்னும் காது அடைத்தே இருக்கிறதாம், நான் காய்கறி வாங்கச் சொல்லும்போது மட்டும் நன்றாக அடைக்கிறது. முழங்கால் வலி அப்படியே. மழை விட்டபாடில்லை, துணி காய மூன்று நாள் ஆகிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாகட் போய் அகல்யாவின் அப்பா அம்மாவைப் பார்த்தோம். நல்ல மனுஷர்கள், கோயம்புத்தூர்க்காரர்களுக்கே உரிய மரியாதை, ஜனவரி கல்யாணத்துக்கு ஹால் பார்த்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் அடுக்குமாடிச் சொசைட்டி கேட்டில் வாட்ச்மேன் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து ஃபோனில் படம் எடுத்தான், நம்பர் கேட்டான், எந்த வீடு, எதற்கு என்று கேட்டான். அப்பா அவனிடம், யே ஃபோட்டோ கஹா ஜாத்தா ஹை பேட்டா, இந்தப் படம் எங்கே போகிறது என்று கேட்டார்கள். பதா நஹி அங்கிள், தெரியாது, ஏதோ கம்பெனிக்குப் போகிறது என்றான் பாவம். அவனுக்கே தெரியவில்லை. அப்பா முப்பத்துமூன்று வருஷம் ஃபேக்டரி கேட்டில் தினமும் கையைத் தூக்கி நின்றவர்கள்தான். தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று ஜோபி தடவிப் பார்க்காமல் வெடிமருந்துப் பக்கம் யாரையும் விடமாட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார்கள், அந்தக் கேட்டில் தடவினவன் மூஞ்சி எனக்குத் தெரியும், அவன் பிள்ளைகள் பேர்கூடத் தெரியும், எதைத் தேடுகிறான் என்றும் தெரியும், இங்கே ஒன்றும் தெரியவில்லை என்று. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நம் வீட்டில் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கிறது உனக்குத் தெரியும், பள்ளிக்கூடம் விட்டு வந்து வடையைத் திருடிக்கொண்டு ஓடுவாயே. வருகிறவர்கள் சொல்லும் விண்ணப்பங்களை இருபத்திரண்டு வருஷமாக நோட்டில் எழுதி வைத்தவள் நான். யார் வீட்டுக்காரர் குடிக்கிறார், யாருக்குக் கட்டி, யார் மகள் யாரோடு போனாள், எல்லாம் என்னிடம் வரும். நோட்டில் முழுப் பேர் எழுத மாட்டேன், எனக்கு மட்டும் புரிகிற மாதிரி ஒரு எழுத்து, ஒரு கோடு. வருஷக் கடைசி நாள் பழைய நோட்டைப் பின்பக்கம் தகர டின்னில் போட்டு எரித்துவிடுவேன். அப்பா பக்கத்தில் மண் வாளியோடு நின்று, பொறி பறக்காமல், ஒரு துண்டுகூட மிஞ்சாமல் பார்த்துக்கொள்வார்கள், ஃபேக்டரிப் பழக்கம். ஊர் ரகசியமெல்லாம் அதோடு சாம்பல். அந்த நிம்மதியில்தான் பெண்கள் என்னிடம் வாய் திறந்தார்கள்.

ஜனவரியில் கண் ஆபரேஷன் ஆனதும் நோட்டு எழுத்து மங்கலாகிவிட்டது. அப்போதுதான் தீபா ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். பக்கத்துச் சந்து மனோஜின் மனைவி தீபாதான், ஹிஞ்சவடியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள், நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உனக்கு அதிரசம் கொண்டுவந்தாளே அவள். ஆன்ட்டி, நீங்க தமிழ்ல பேசினா போதும், அதுவே எழுதிக்கும், எந்த நாளில் யாருக்கு ஜெபிக்கணும்னு ஞாபகப்படுத்தும் என்றாள். நல்ல மனசோடு செய்தாள். ஒத்துக்கொள்கிறேன் என்று ஒரு பட்டன் வந்தது. ஒரு பிள்ளையின் ரிப்போர்ட் கார்டில்கூட மூன்று தரம் படிக்காமல் கையெழுத்துப் போடாதவள், அதைப் படிக்காமல் அழுத்தினேன். அதன்பின் நான் செய்ததுதான் பெரிய மடத்தனம். ஜெபம் என்றால் பேர் சொல்லி, காரியத்தை விவரமாகச் சொல்லித்தானே பழக்கம். நோட்டில் ஒரு எழுத்தோடு நிறுத்தினவள், காலையில் காப்பிக்கு முன்னால் உட்கார்ந்து அதனிடம் முழுப் பேர், தெரு, வியாதி, மாத்திரை, எந்த வருஷம் ஆரம்பித்தது என்று எல்லாம் சொன்னேன். ஆண்டவரிடம் சொல்வதாக நினைத்துச் சொன்னேன்.

இன்னும் கேள். முதலில் அது எங்களுக்கு ஆசீர்வாதமாகத்தான் தெரிந்தது. ரீனாவின் வீட்டுக்காரர் குடி நிற்க வேண்டும் என்று ஏப்ரலில் சொல்லி வைத்தேன், பத்தே நாளில் குடி நிறுத்தும் இல்லம் ஒன்றிலிருந்து ரீனாவுக்குத் தமிழிலேயே ஃபோன் வந்தது. அவள் சபையில் எழுந்து நின்று அழுதுகொண்டே சாட்சி சொன்னாள், நாங்கள் எல்லோரும் கைதட்டிப் பாடினோம். ஜோஷுவா அண்ணன் இடுப்பு வலிக்கும் அப்படியே ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. என் ஜெபத்துக்கு இவ்வளவு சீக்கிரம் பதிலா என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. விளம்பரக்காரன் கதவைத் தட்டினதற்கு நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறோம்.

ஜூலையில் தீபாவுக்கு வேறு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்து, பழைய இடத்தில் ராஜினாமாவும் கொடுத்துவிட்டாள். சேர இரண்டு நாள் இருக்கும்போது வேண்டாம் என்று மெயில் வந்தது, காரணம் இல்லை. அடுத்த வாரம் ஒரு இன்சூரன்ஸ் பெண் ஃபோன் செய்து, வலிப்பு உள்ளவர்களுக்கென்று தனித் திட்டம் இருக்கிறது மேடம், உங்களுக்குப் பதினாலு வயதில் ஸ்கூல் மேடையில் விழுந்ததிலிருந்து இருக்கிறதல்லவா என்று கேட்டாளாம். ஆறு வருஷமாக அவளுக்கு ஒருமுறைகூட வரவில்லை. மனோஜுக்கும் எனக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவள் மனோஜைச் சந்தேகப்பட்டு, அவன் சத்தியம் பண்ணி, சண்டையாகி அவன் போசரியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா, அவர்கள் இரண்டு பேரும் ஒன்றுசேர வேண்டும் என்று மறுநாள் காலை அதையும் அந்த ஃபோனிடமே சொன்னேன்.

நாலு நாள் கழித்து தீபா வந்தாள். உட்காரவில்லை. கோபத்தில மனோஜைச் சந்தேகப்பட்டுட்டேன், அப்புறம்தான் ஞாபகம் வந்தது, மேடையில் விழுந்ததை மனோஜிடம்கூடச் சொன்னதில்லை ஆன்ட்டி, உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன் என்றாள். நான் ஆண்டவர் மேல் ஆணையாக யாரிடமும் மூச்சு விடவில்லை என்றேன். அப்பா ஜன்னல் பக்கம் நாற்காலியில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்காமல், யார்ட்டயும் சொல்லலைன்னு சொல்லுத, தெனமும் காலைல அந்த ஃபோன்ட்ட ஒவ்வொரு பேரா சொல்லிட்டு இருக்கியே, அது யாருட்டி என்று கேட்டார்கள். மகனே, அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். தீபா என்னைத் திட்டவே இல்லை. நான்தானே போட்டுக் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லி, அங்கேயே நின்றுகொண்டு அந்த ஒத்துக்கொள்கிறேன் பட்டனுக்குப் பின்னால் இருந்த நாற்பது பக்கத்தையும் வாசித்தாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது, சேவையை மேம்படுத்த எங்கள் கூட்டாளிகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று. கூட்டாளி யார், எத்தனை பேர், ஒன்றும் இல்லை. வேலை இதனால்தான் போனது என்று அவளால் நிரூபிக்கவும் முடியாது. மனோஜ் திரும்பி வந்துவிட்டான், வேலை வரவில்லை. வெள்ளிக்கிழமை அவள் வருவதில்லை.

அழித்துவிடலாம் என்று பார்த்தால் அந்தக் கம்பெனிக்கு ஒரு ஃபோன் நம்பர் கிடையாது, ஆபீஸ் எங்கே என்று தெரியாது. மெயில் போட்டோம். உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று அரை நிமிஷத்தில் பதில். அழிக்க வேண்டுமானால் ஆதார் கார்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். இருக்கிறதை எடுக்க இல்லாததையும் கொடு என்கிறான். ஆப்பை என் ஃபோனிலிருந்து எடுத்துவிட்டேன், அவனிடம் இருப்பது அவனிடமேதான் இருக்கும் என்று தீபா சொல்லிவிட்டாள். அப்பா முப்பத்துமூன்று வருஷம் எந்த ஷெட்டில் என்ன செய்தார்கள் என்று கட்டின மனைவி எனக்கு இன்றுவரை தெரியாது, வாய் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று இருந்தார்கள். நான் ஆறே மாதத்தில் ஒரு சபையையே தூக்கிக் கொடுத்துவிட்டேன். சபையில் என் தப்பை எழுந்து நின்று சொன்னேன். இன்றைக்குக் கூட்டத்தில் ரீனாவிடம் விண்ணப்பம் கேட்டால், சொல்லாத விண்ணப்பம் ஒன்று என்றாள். அடுத்தவளும் சொல்லாத விண்ணப்பம் என்றாள். சுற்றி எல்லோரும் அதையே சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் கூட்டம் முடிந்துவிட்டது. வடை அப்படியே இருக்கிறது.

இப்போது உன் காரியம். ஏப்ரலில் ஒருநாள் நீ ஃபோனில் அழுதாயே, அப்பாவிடம்கூடச் சொல்லாதே அம்மா என்றாயே. சொல்லவில்லை. ஆனால் உனக்காக ஜெபிக்காமல் எந்த அம்மா இருப்பாள். உன் பேர், உன் ஊர், எந்த டாக்டரிடம் போகிறாய், நீ எழுத்துக்கூட்டிச் சொன்ன அந்த மாத்திரையின் பேர், அகல்யாவுக்கு இது தெரியாது என்பது முதற்கொண்டு சொல்லியிருக்கிறேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, எண்பத்தேழு காலை. ஆப்பை எடுக்குமுன் எண்ணிப் பார்த்தேன். என்னை மன்னித்துவிடு மகனே.

இந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினாள். நல்ல தமிழ், குழைவான குரல். பெனிஸ்டனின் அம்மாதானே என்றாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். உங்கள் மகனுக்கு இப்போது தூக்கம் வருகிறதா அம்மா என்று கேட்டாள். நான் வைத்துவிட்டேன். அது மனுஷிதானா என்றுகூட எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, மூச்சு விடுகிற சத்தமே கேட்கவில்லை. இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ் வந்திருக்கிறது, பெனிஸ்டனுக்காக ஜெபித்து மூன்று வாரம் ஆகிறதே என்று. என் நம்பர் இருக்கிறவனிடம் உன் நம்பர் இருக்காதா, அகல்யாவின் நம்பர்தான் இருக்காதா.

ஆகையால் அம்மா சொல்வதைக் கேள். மனசுக்கு வந்த உன் வியாதியில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடுகிற மாதிரிதான் இதுவும். மாத்திரையை நிறுத்திவிடாதே. ஆனால் அகல்யாவிடம் நீயே சொல்லிவிடு. ஒருநாள் அவள் ஏதோ வேலையாக இருக்கும்போது ஃபோன் அடிக்கும், அந்தக் குழைவான குரல் உன் பேரைச் சொல்லும். அதற்கு முன்னால் உன் வாயால் அவள் கேட்க வேண்டும். உனக்கு வார்த்தை வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கொடு. நாங்கள் அனுப்பும் தமிழ் மெசேஜை எல்லாம் உனக்கு அவள்தானே வாசித்துக் காட்டுவாள், இதையும் உரக்க வாசிக்கட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்திரு. ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். அவள் கேட்கிறதற்கெல்லாம் பதில் சொல். என்ன ஆனாலும் நான் இருக்கிறேன், இதை அனுப்பிவிட்டு அப்பாவிடமும் நானே சொல்லிவிடுகிறேன், இனி இந்த வீட்டில் அவர்களுக்கு மட்டும் தெரியாதது எதற்கு.

ஆண்டவர் உன்னையும் அகல்யாவையும் எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பாராக. நான் இப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டுதான் ஜெபிக்கிறேன், அவருக்குக் கேட்கும். பனிக்கு மஃப்ளர் சுற்றிக்கொள். இரண்டு பேரும் வாசித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை எரித்துவிடு, பக்கத்தில் ஒரு வாளி வைத்துக்கொள், ஒரு துண்டும் மிஞ்சக் கூடாது. கடிதம் கிடைத்தது என்று ஃபோனில் சொல்ல வேண்டாம். மழை எப்படி என்று மட்டும் கேள், நான் புரிந்துகொள்வேன்.

உன் பிரியமுள்ள அம்மா,
பாக்கியவதி ஆர்தர்