கொலைகாரன் யாரென்று தெரியாமல் போன அண்ணனுக்கு

என் பட்டாளத்து அண்ணே,

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. எல்லாம் நீ பாதியில் விட்டுப் போன அந்தத் துப்பறியும் கதையால்தான். கொலைகாரன் யாரென்று தெரியாமலே போய்விட்டாயே!

எல்லையில் இருந்த காலத்தில் பெட்டியில் இடமில்லை என்று மின்நூல்களாகவே வாங்கிப் பழகினாய். ராஜபாளையத்துக்கு வந்த பிறகும் விடவில்லை. "ஏட்டி, காசு குடுத்து வாங்குனது. எனக்குப் பொறவு அம்புட்டும் உனக்குத்தான்" என்பாய். அப்படித்தான் உன் டேப்லெட் என்னிடம் வந்தது. சார்ஜ் போடும் இடம் ஆட்டம் கண்டுவிட்டது. என்றைக்கு அணையுமோ என்று பதறி, புத்தகங்களை என் போனில் இறக்கப் பார்த்தேன்.

விற்ற கடைக்கு எழுதிக் கேட்டேன். வாங்கியவருக்கு வாசிக்கும் உரிமை மட்டும்தானாம், வேறு யாருக்கும் மாற்ற முடியாதாம். 'வாங்கு' என்றுதானே அண்ணே அந்தப் பொத்தானில் எழுதியிருந்தது?

சரி, உன் கணக்கிலேயே நுழையலாம் என்றால் ஓடிபி உன் நம்பருக்குப் போகிறது. காரியம் முடிந்த கையோடு அந்த நம்பரை போன் கம்பெனியிடமே ஒப்படைத்துவிட்டோம். "அவிய நம்பரு இருந்தா நான் போன் போட்டுக்கிட்டே கெடப்பேன்" என்று மதினி அழுதார். இப்போது அது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆட்டோக்காரரிடம் இருக்கிறது. போனில் கேட்டேன். "எக்கா, ஓடிபியெல்லாம் யாருக்கும் சொல்லப்படாது. வேணும்னா ஸ்டாண்டுக்கு நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டார்.

பஸ் ஏறிப் போனேன். டேப்லெட்டில் நீ சீருடையில் நிற்கும் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இந்த நம்பருக்கு ஒரு அம்மா கூப்பிடுதாக. நான் ஹலோன்னதும் அழுதுட்டு வச்சிருதாக. அவிய யாருக்கா?"

நான் என் போனில் உன் கணக்கைத் திறக்க உன் நம்பரை அடித்தேன். உனக்குத் தெரியும், அது யாரென்று. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஓடிபியைச் சொன்னார்.

கதை என் போனில், நீ நின்ற பக்கத்திலேயே திறந்தது. நான் மேலே வாசித்தால் டேப்லெட்டிலும் பக்கம் நகர்ந்துவிடுமாம். உன் விரல் கடைசியாகத் தொட்ட பக்கமல்லவா அது? டேப்லெட்டில் இணையத்தை அணைத்து மதினியிடம் கொடுத்துவிட்டேன். ஆட்டோக்காரர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"பக்கம் மாறிறாதே?" என்று மதினி கேட்டார்.

"மாறாது மதினி. அண்ணன் அங்கனயேதான் நிக்கான்."

மதினி அதை மடியில் வைத்துக்கொண்டார். கடைக்காரர்களுக்கு விஷயம் தெரிந்தால் எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்களோ என்று எனக்கு இன்னும் பயம்தான்.

அதற்குள் வாசித்துவிடுகிறேன் அண்ணே. கொலைகாரன் நீ சந்தேகப்பட்ட டாக்டர் இல்லை என்றே தோன்றுகிறது. உன் கணிப்பு என்றைக்குத்தான் சரியாக இருந்தது? யாரென்று தெரிந்ததும் உன்னிடம்தான் முதலில் சொல்வேன். உன் பக்கத்தை மட்டும் நகர்த்த மாட்டேன்.

முதல் முறையாக உன்னைத் தாண்டிப் போகிற,
உன் தங்கச்சி சாந்தி