குடத்துக்கு வந்த காமாலை

ஜூலை 8, செவ்வாய்

அப்பாவோடு பேசிப் பேசி எனக்குத் தலை வலிக்கிறது. அவர் கண் மஞ்சளாகி ஒரு வாரம் ஆகிறது. ஹெபடைடிஸ் பி-யா என்று இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். அப்பாவோ பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளி மாமி, நாங்கள் காகிமா என்று கூப்பிடுகிறவர், கொடுத்த காமாலை மாலையைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தண்டுத் துண்டுகளை நூலில் முடிந்த சின்ன மாலை. அது நீண்டு கீழே இறங்கினால் நோயும் இறங்குமாம். இன்று மார்புக்கு வந்துவிட்டது. "நேமே கேச்சே", இறங்கிவிட்டது என்று காகிமாவுக்கு ஒரே பெருமை.

"பாத்தியா, இறங்கிடுத்து. டெஸ்ட்டெல்லாம் வேண்டாம்" என்றார் அப்பா.

ஈரல் செல்லில் பித்த உப்பு போவதற்கென்று ஒரு வாசல் இருக்கிறது. அந்த வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. மேலே போட்ட மாலை அதை எப்படித் தடுக்கும் என்று கேட்டேன். அப்பா மாலையைச் சரிசெய்துகொண்டார்.

நேற்றே இன்னொரு மாலை வாங்கிச் சமையலறைக் குடத்தின் கழுத்தில் போட்டிருந்தேன். அதுவும் நீண்டு குடத்தின் வயிற்றுக்கு இறங்கியிருந்தது. தண்டு காய்ந்து சுருங்கினால் முடிச்சு தளரும், அவ்வளவுதான். குடத்தைத் தூக்கி வந்து அப்பா முன் வைத்தேன்.

"குடத்தையும் டாக்டர்கிட்ட கூட்டிண்டு போங்கோ" என்றாள் அம்மா, சிரிக்காமல்.

அப்பா குடத்தையே பார்த்தார். "நாளைக்கு வெறும் வயித்தோட போகணுமா?"

எனக்குத் தெரியாது. பட்டினி என்றால் அதையே சாக்காக்கிவிடுவார் என்று, "சாப்ட்டுட்டே போலாம்ப்பா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் சாப்பிட்டதற்காக அங்கே திருப்பி அனுப்பினால் மறுபடி கிளம்பவே மாட்டார். அம்மாவை எழுப்பி, காலையில் காப்பிகூடக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு வருகிறேன்.