பெஞ்சில் கிடைக்கும் பட்டம்

மகனே,

நீ போனை எடுக்காததால், இதை அம்மாவிடம் கொடுத்து ஒசாகாவுக்கு ரயிலேற்றிவிடுகிறேன். அவள் கண் சிவந்திருந்தால் காரணம் கேட்காதே.

நாளை கடைசி ஆட்டம். பேஸ்பால் லீக்கில் இந்த வருட மட்டையடி சராசரியில் நீதான் முதலிடம், அப்படியே முடிந்தால் பட்டம் உனக்கு. எதிரணிக் குரோய்வா நூலிழை பின்னால் நிற்கிறான். உன் சராசரி இறங்காமலிருக்க உன் டீம் உன்னைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அவன் மட்டையோடு வரும்போதெல்லாம் எட்டாத தூரத்தில் பந்து போட்டு, அடிக்கவே விடாமல் முதல் பேஸுக்குச் சும்மா நடக்கவைக்கப் போகிறார்களாம்; அப்படி நடந்தால் அவன் சராசரி ஏறாதே. "எல்லா டீமும் பண்றதுதானேப்பா, நீங்க சும்மா இருங்க" என்றாயே, அது உன் பேச்சா, மேனேஜர் பேச்சா?

ஊர்ப் பொதுக் குளியல் கூடத்தில் மீன்கடை ஓனோ எல்லோரும் கேட்கச் சிரிக்கிறான்: "என்ன பெருசு, பையன் பெஞ்சைத் தேய்ச்சே பட்டம் வாங்கிடுவான் போல!"

நான் ஆடிய காலத்தில் என்னையும் இப்படித்தான் நடக்கவைத்தார்கள். கப்பல் பட்டறையில் இரும்புக் குழாயை வீசி, யாரிடமும் பயிலாமல் அடிக்கப் பழகியவன் நான். கடைசி முறை கோபத்தில் மட்டையைத் தலைகீழாகப் பிடித்து நின்றேன், அரங்கமே சிரித்தது. அன்று பட்டம் வாங்கியவன் இன்றுவரை என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

குரோய்வாவுக்கு ஒழுங்காகப் பந்து போடச் சொல். நீயும் இறங்கி ஆடு. வியாழக்கிழமை காலை ஆபரேஷனுக்கு எனக்கு மயக்க ஊசி போடுவார்கள். சின்ன விஷயம்தான் என்கிறார் டாக்டர், அம்மா நம்பவில்லை. அதற்கு முன் என் மகன் என் முகத்தை நேராகப் பார்க்க வேண்டும்.

பெஞ்சில் உட்கார்ந்து ஜெயித்தால் வராதே என்று எழுதி, அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். எப்படியும் வா. ஆனால் ஆடிவிட்டு வா.

உன் அப்பா