பேரணியில் ஒரு கடல்

இன்று மாலை ரயில்வண்டி பேரணி நிலையத்தில் எதிர் வண்டியின் கிராசிங்குக்காக நின்றபோது, ஒருத்தி வேர்க்கடலைக் கூடையோடு பெட்டிக்குள் வந்தாள். வேகவைத்த மல்லாட்டையின் ஈர வாசனை. உடனே உன் குரல் கேட்டது: “கடலு நடுவுல மல்லாட்டை விக்கிறா பாருடி!”

டைப் கற்றுக்கொள்ளத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நாம் சேர்ந்து போய்வந்த காலம் அது. உனக்கு நிக்காஹ் ஆகியிருந்தது. உன்னைக் கட்டிய மச்சான் துபாயில். விசா வந்த நாளிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லை. விமானத்தை நீ அண்ணாந்து பார்த்ததோடு சரி. “எவ்ளோ தூரம்டி?” என்று என்னை நச்சரித்தாய். நூலகத்தில் தேடிப்பார்த்து, மூவாயிரம் கிலோமீட்டர் இருக்கும், பறப்பது நாலு மணி நேரம் என்றேன்.

“மூவாயிரம்னா எனக்கு இன்னா தெரியும்? நம்ம வண்டில சொல்லு.”

சொன்னேன். திண்டிவனம்தான் மெட்ராஸ். மயிலம், பம்பாய். பேரணியும் விக்கிரவாண்டியும் கடல். முண்டியம்பாக்கத்தில் மணல் தெரியும். விழுப்புரத்தில் மச்சான் நிற்பார். “போர்ட்டர் கூடவா?” என்றாய். அன்றிலிருந்து காலை வண்டியில் நீ கண்ணை மூடிக்கொள்வாய். ஒவ்வொரு நிலையத்துக்கும் நான் பெயர் சொல்ல வேண்டும். ஜன்னல் காற்றில் உன் முக்காடு படபடக்கும். எனக்கும் கீழே நீலமாய் ஏதோ விரிவதுபோல் இருக்கும்.

ஒருநாள் பேரணியில் வண்டி வெகுநேரம் நின்றுவிட்டது. கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்தாய். “கடல் மேல நின்னுட்டா இன்னாடி பண்றது?”

“அங்க எதிர் வண்டி வராதுடி. நிக்காது.”

கையை விடாமலே கேட்டாய்: “திரும்பி வர்றதும் அதே தூரந்தானே?”

“அதே தூரந்தான்.”

போய்ச் சேர்ந்ததும் எழுதினாய்: “பயமே இல்லைடி. பேரணியிலேயே தூங்கிட்டேன்.” பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்கு வருவதாக இருந்தது. டிக்கெட்கூட எடுத்தாயிற்று. அதற்குள் வலி கண்டுவிட்டது. உன்னையும் பிள்ளையையும் அந்த மண்ணிலேயே அடக்கம் செய்ததாக உன் வாப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். உள்ளே வரவில்லை.

இப்போது விழுப்புரத்தில் எனக்கு வேலை. காலை வண்டியில் புத்தகம் படித்துக்கொண்டு போகிறேன். மாலையில் படிப்பதில்லை. வண்டி நகர்ந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறேன். மணல் போகிறது, கடல் போகிறது. உன்னை எழுப்பாமல் கூட்டிவருகிறேன்.

இன்று எதிர் வண்டி போய், நம் வண்டியும் கிளம்பியது. அடுத்த நிலையத்தில் வேகம் குறைந்தபோது, “பம்பாய் வந்துடுச்சு” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்திலிருந்த அம்மாள் திரும்பினாள். “இன்னாம்மா சொன்ன?”

“மயிலம் வந்துடுச்சும்மா,” என்றேன். “அடுத்தது எங்க ஊரு. எறங்கணும்.”