வயிற்றில் ஒரு வாய்

வைகாசி 6, திங்கள்

காலையிலேயே மேற்கிலிருந்து கச்சான் காற்று. வாவி கலங்கல். துணி தோய்த்தேன். சீலைத் துண்டுகள் தனி, இடுப்புக் கட்டு தனி. ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாமல் அம்மா சமையலறைக்குப் பின்னால் கொடி கட்டியிருக்கிறா.

ஆஸ்பத்திரி டொக்டர் என் வயிற்றில் இருக்கிற இதை ‘வாய்’ என்றார். தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம். கத்தி கிழித்த குடலின் நுனியை வெளியே எடுத்துத் தைத்திருக்கிறார்கள். மலம் இனி அந்த வழியாகத்தான்.

குரக்கன் பிட்டு: நல்லது. கீரை: போட்டது போட்டபடி வருகிறது. பலாப்பழம்: இந்தப் பிறப்பில் வேண்டாம்.

வைகாசி 8, புதன்

பள்ளிக்கூடம் போனேன், படிப்பிக்க. முன்வாங்குப் பிள்ளைகள் பின்னுக்கு நகர்ந்து இருந்தார்கள். ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். பிரம்பு கையில். அடித்தேன். இதுவரை யாரையும் அடித்ததில்லை. அவள் அழ அழ, கைக்கு இன்னும் வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் கத்தி தீட்டுகிறான். த. சிறை முடிந்து மறியலால் வந்துவிட்டானாம். மாமாவின் மகன். முழுப் பேர் எழுத வரவில்லை.

போன வைகாசியில் அம்மனுக்குக் கொம்புமுறி, ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து. நாங்கள் தென்சேரி, மாமா வீடு வடசேரி. இரண்டு கொம்புகளையும் கொளுவி, வடம் கட்டி இழுத்தார்கள். வடசேரிக் கொம்பு முறிந்தது. வென்றவர்கள் வசை பாடுவது வழக்கம். அண்ணன் த.வின் தாயையும் சேர்த்துப் பாடினான். த. வில்லுக்கத்தியை விரித்தான். நான் அண்ணனைப் பிடித்து இழுக்கக் குறுக்கே போனேன். முதலில் சூடு. பிறகு கையில் வழுவழுவென்று ஏதோ. என்னுடையது என்று விளங்க நேரம் எடுத்தது.

வைகாசி 9, வியாழன்

கோயிலில் சடங்கு தொடங்கிவிட்டது. பறைச் சத்தம் இங்கே கேட்கிறது. நான் போக முடியாது, தீட்டாம். கப்புகனார், அம்மனுக்குப் பூசை செய்கிறவர், போன மாதமே அம்மாவிடம் சொல்லிவிட்டார்:

“மாசத் துடக்கெண்டா நாள் கழிய முழுகிப்போட்டு வரலாம். இந்தப் புள்ளைக்கு எந்த நாளும் துடக்குத்தானே கா.”

கொழும்பில் படித்த காலத்திலும் சடங்குக்கு வராமல் விட்டதில்லை. அம்மன் முன்னால் மட்டும்தான் எனக்குக் கூச்சம் கிடையாது. இப்போது கிணற்றடியில் கட்டை அவிழ்த்துக் கழுவும்போது கும்பிடுகிறேன். வேறு இடம்? கும்பிட்டுக் கேட்பது ஒன்றுதான். த.வின் வயிறு கிழிய வேண்டும். அவன் அதைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும். கேட்டுவிட்டு முகம் கழுவுகிறேன்.

வைகாசி 11, சனி

வெயில். மாமா வந்தார், கப்புகனாரோடு. நான் கதவுக்குப் பின்னால்.

மாமா: “ரெண்டு சேரியும் திரும்ப வெட்டிக்கொண்டு சாகவா? எண்ட மகன் செஞ்ச பிழைக்கு அவனே புள்ளையக் கலியாணம் கட்டி எடுக்கட்டும். முறை மச்சான்தானே.”

அண்ணன்: “அவன்ட கழுத்த எடுக்கிறன். அது போதும்.”

அம்மா: “வாயப் பொத்துடா. இவளுக்கு வேற ஆர் வரப்போறான்?”

கப்புகனார் இருமிவிட்டுச் சொன்னார். நான் சம்மதமென்றால் சடங்கு முடிவன்று ஒரு தரம் உள்ளே வரலாமாம். அம்மன் முன்னால் ‘ஓம்’ சொல்ல வேண்டும். ஊர்ச் சமாதானத்துக்காக அம்மன் துடக்கைப் பொறுத்துக்கொள்வாவாம்.

உள்ளே போகலாம். அது ஒன்றுதான் காதில் விழுந்தது. தலையை ஆட்டினேன். வெட்கம். கேவலம். ஆட்டினேன்.

வைகாசி 12, ஞாயிறு

அண்ணன் என்னோடு பேசவில்லை. சோற்றுக் கோப்பையைச் சுவரில் அடித்தான். நானும் ஒன்றை எடுத்து அடித்தேன். இருவரும் துண்டுகளைப் பொறுக்கினோம்.

அம்மா: “பி.ஏ. படிச்ச புள்ளையா இது!”

இடுப்பைச் சுற்றித் தோல் வெந்து கிடக்கிறது. தேங்காயெண்ணெய்.

வைகாசி 14, செவ்வாய்

காலையில் இருந்து சாப்பிடவில்லை, கோயிலில் எதுவும் வராமலிருக்க. இரண்டு மடிப்புக் கட்டு. மஞ்சள் சீலை.

உள்ளே கூட்டிப்போனார்கள். சனம் விலகி வழி விட்டது. மரியாதைக்கல்ல. சடங்குக்கு நெல்லுக் குத்திய பெண்கள் உரலைச் சுற்றி நின்றார்கள். த. வேட்டியோடு, திருநீறு பூசி. கொழுத்திருக்கிறான்.

மாமா: “சொல்லு புள்ள. ஓம் எண்டு சொல்லு.”

அம்மனைப் பார்த்தேன். த. குனிந்து மெல்லச் சொன்னான்:

“பயப்படாத மச்சி. நாத்தமெண்டு ஊர் சொன்னாலும் நான் உன்ன வெச்சிருப்பன். வீட்டுக்குப் புறத்தால ஒரு குடில் போட்டுத் தாறன்.”

உரலில் சாய்ந்திருந்த உலக்கையை எடுத்தேன். அவன் முழங்காலில் போட்டேன். எலும்புச் சத்தம் கேட்டது. விழுந்தான். இன்னொன்று, தோளில். மூன்றாவதுக்கு ஓங்கியபோது நெல்லுக் குத்திய பெண்ணொருத்தி பின்னால் கட்டிப் பிடித்தாள். அவள் மூக்கைப் பொத்தவில்லை.

“இல்ல மாமா,” என்றேன். எல்லோருக்கும் கேட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாமா மண்ணை அள்ளித் தூற்றினார். வாசலில் அண்ணன் கத்தியோடு நின்றவன், த.வின் காலைப் பார்த்தான். கத்தியை இடுப்பில் செருகிவிட்டுச் சிரித்தான். அழுகையாகவும் இருக்கலாம்.

சனமும் பின்னால் ஓடியது. உள்ளே கப்புகனாரும் நானும் மட்டும். “வெளியால போ புள்ள.”

நான் இருந்துவிட்டேன், நிலத்தில், அம்மன் முன்னால். த.வின் வயிற்றைக் கேட்க நினைத்தேன். வரவில்லை. வேறொன்றும் வரவில்லை. அந்த அமைதியில் வயிறு இரைந்தது, கட்டுக்குள்ளிருந்து, நீளமாக.

கப்புகனார் திடுக்கிட்டு அம்மனைப் பார்த்தார். “என்ன சத்தம்?”

“நான்தான்,” என்றேன்.