வீணாகக் கிடந்த இடம்

ஆவடி
18-4-1989

அன்புள்ள அண்ணா,

நாங்கள் மூவரும் சுகம். விசாகப்பட்டினத்துப் படகுப் பட்டறை வேலையில் தங்கையை மறந்தே போனாய். ஒரு கார்டுகூட இல்லை.

இவர் ஏலத்தில் எடுத்த சின்னப் பாய்மரப் படகு குவார்ட்டர்ஸ் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, துணி காயப்போட இடமில்லை. மே மாதம் பழவேற்காட்டில் இறக்கி, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் போய்வரப் போகிறோம்.

இரண்டு நாள் சாமானை எங்கே வைப்பது என்று விழித்தார். ஒற்றை அறையில் குடித்தனம் செய்கிறவளைக் கேட்க வேண்டாமா? படகின் முன்பக்கம் வலைப்பை தொங்கவிட்டு அதில் வெங்காயம், உருளைக்கிழங்கு. ஸ்டவ்வை சைக்கிள் ட்யூபால் கட்டியாயிற்று. பெஞ்சுக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளமாக மூடிய பெட்டிகள், தட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் காற்று! வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு சாண் இடத்தை விடுவேனா நான்? அறுத்துக் கதவு வைக்கச் சொன்னேன். அரிசி, தண்ணீர் கேன், பேபியின் துணிமணி எல்லாம் அடக்கம். ஏழு வயசுக் கழுதை அதற்குள்ளேயே ஒளிந்து விளையாடுகிறது.

உன் பாராட்டுக்குக் காத்திருக்கும்
நாயகி


விசாகப்பட்டினம்
23-4-1989

நாயகி,

உன் கடிதம் படித்தபின் சோறு இறங்கவில்லை. அந்தக் காற்று வீண் இல்லையம்மா. படகு கவிழ்ந்து தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காமல் தாங்குவது அதுதான். கதவு வைத்தால் தண்ணீர் உள்ளே போகும், படகு மூழ்கிப் போகும். பலகை வைத்துப் பூசி, பழையபடி அடைக்கச் சொல். அதுவரை இறக்க வேண்டாம். முக்கியமாகப் பேபியை ஏற்றாதே. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்.

உன் அண்ணன்
பரந்தாமன்


ஆவடி
2-5-1989

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை இவரிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். சிரித்தார்.

“இன்னாம்மே, உங்கண்ணன் எனக்கே கிளாஸ் எடுக்குறாரா? மிலிட்டரி டாங்க்கையே தண்ணில எறக்கி டெஸ்ட் பண்ற பாக்டரில கீறேன் நானு. ரப்பர் வாசர் போட்டுக்கீறேன், ஒரு சொட்டு உள்ள வராது.”

கல்யாணப் பந்தலில் இவரை ‘வெறும் வெல்டர்’ என்று நீ சொன்னதை அவர் மறக்கவில்லை. நானும்தான். அவர் ஆசைப்பட்டு ஒன்று செய்தால் உனக்கு ஏன் பொறுக்கவில்லை?

வலது பக்கக் கதவு மட்டும் சரியாக மூடவில்லை, அரிசி மூட்டை முட்டுகிறது. கயிறு போட்டுக் கட்டிவிட்டோம். இங்கேயே காற்று கூரையைப் பிய்க்கிறது. பாய்க்கு நல்லது என்கிறார்.

வெள்ளிக்கிழமையே லாரியில் படகை ஏற்றுகிறோம். ஞாயிறு கடல், திங்கள் வீடு. செவ்வாய் அவருக்கு முதல் ஷிப்டு. பேபியும் வருகிறாள். இனிப் படகைப் பற்றி எனக்கு எழுதாதே.

லோகநாயகி


விசாகப்பட்டினம்
10-5-1989

என் கண்ணு நாயகி,

உன் கடிதம் சனிக்கிழமைதான் கிடைத்தது. உடனே தந்தி அடித்தேன். வீடு பூட்டியிருக்கிறது என்று தகவல் வந்தது. இன்று பாக்டரிக்கு ட்ரங்க் கால் போட்டேன். மாப்பிள்ளை நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை என்றார்கள்.

பந்தலில் நான் பேசியது தப்பு. அதை அப்போதே அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தால், என் பேச்சை இப்போது கேட்டிருப்பார்.

மாலை மெயில் ரயிலில் கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் வரும் என்று தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. நான் வந்து கதவைத் தட்டும்போது, திறந்து என்னை வாய்க்கு வந்தபடி திட்டு. உள்ளேயே விடாதே. வாசலிலிருந்தே திரும்பிப் போய்விடுகிறேன்.

அண்ணன்